பீமின் அந்த முனையில்

இது நடந்தது.

நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. யாரோ யாரிடமோ சொல்லி, கைமாறி என் காதுக்கு வந்ததும் இல்லை. லோர்னா கோஸ்கி எனக்கு எதிர்வீடு. நடந்த அன்று சாயங்காலமே வந்து, வேலைக்குப் போட்ட பூட்ஸைக்கூடக் கழற்றாமல், என் சமையலறையில் உட்கார்ந்து சொன்னாள். பன்னிரண்டு நாள் கழித்து மீதியைச் சொன்னாள். முதல் தடவை அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டாம் தடவை இருந்ததையும் மறக்க மாட்டேன்.

நேரங்களெல்லாம் அவள் சொன்னபடியே. எதற்கும் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவள் அவள். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பதினாறு வருடம் இருந்தால் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

ஆமாம், சமையல்காரிதான். அமெரிக்காவில் பெரிய ஏரி ஒன்றின் கரையில் இருக்கும் டுலூத் ஊரில், எங்கள் பகுதிப் பள்ளியில் முந்நூறு பிள்ளைகளுக்குக் காலையும் மதியமும் ஆக்கிப் போட்டவள். புருஷன் அலாஸ்காவுக்கு மீன்பிடிக் கப்பலில் போனான். சாகவில்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். ஒரே மகன். ஆர்வோ.

ஆர்வோவுக்குப் படிப்பு ஏறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் அவன் ஏறினான். எட்டு வயதில் எங்கள் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றான். பத்தொன்பது வயதில் உயரத்து இரும்பு வேலைக்கு அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். நாலு வருடம் யூனியன் பயிற்சி. பகலில் கட்டடத்தில் வேலை, வாரத்தில் இரண்டு சாயங்காலம் வகுப்பு. நாலு வருடம் முடிந்தால் முழுத் தொழிலாளி, கையில் அட்டை. அவனுக்கு இரண்டாம் வருடம் ஓடிக்கொண்டிருந்தது.

2014 மே 8, வியாழக்கிழமை. துறைமுகத்துப் பக்கம் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. நாலு மாடி உயரத்துக்கு வெறும் இரும்புக்கூடு. ஏரியிலிருந்து மூடுபனி ஏறி வந்து ஊரையே விழுங்கிய காலை அது. 7.05-க்கு ஆர்வோ விழுந்தான்.

வயது இருபத்தொன்று.

பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தான். கயிறு அறுபடவில்லை. கொக்கி உடையவில்லை. அவனே கையால் கொக்கியைக் கழற்றியிருக்கிறான். ஏன் கழற்றினான் என்று விசாரித்தவர்களுக்குத் தெரியவில்லை. அறிக்கையில் அப்படியே எழுதினார்கள். 'காரணம் தெரியவில்லை.'

லோர்னாவுக்கு அப்போது நாற்பத்துநாலு வயது. பத்து மாதம் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கு வெட்டினாள். பதினோராவது மாதம் யூனியன் அலுவலகத்துக்குப் போய் அப்ரண்டிஸ் விண்ணப்பம் ஒன்று வாங்கி எழுதிக் கொடுத்தாள்.

நேர்காணலில் மூன்று பேர். மூன்று பேரும் அவள் மகனின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள். நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"லோர்னா... இது உனக்கு எதுக்கு?"

"கொக்கியை ஏன் கழட்டினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"எனக்கும் தெரியலை. மேல போய் உக்காந்து பாத்தாதான் தெரியும்."

பிறகு ஓரத்தில் இருந்தவர், "தூண் ஏறணும். பத்து மீட்டர். ஏணி கிடையாது, வெறும் கையும் காலும்தான். ஏறினா சேர்த்துக்கறோம்" என்றார். அவள் ஏற மாட்டாள் என்று நினைத்துச் சொன்னதுதான்.

முதல் தடவை பாதியில் சறுக்கி வந்தாள். தொடை முழுக்கத் தோல் உரிந்தது. இரண்டாம் தடவை ஏறினாள். மேலே போய் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் இறங்கவில்லை. பயந்துவிட்டாள் என்று நினைத்து ஆள் அனுப்பினார்கள். அவள் பயப்படவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்ததையெல்லாம்.

சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் வருடம் அவளுக்கு நாய் படாத பாடு. போல்ட் நிறைந்த வாளிகளை நாலு மாடி தூக்கினாள். ஜனவரியில் இரும்பைத் தொட்டால் கையுறையோடு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் அவளைத் தவிர எல்லாரும் இருபது, இருபத்திரண்டு. பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டவர்கள்.

"சாப்பாட்டக்கா! இன்னைக்கு என்ன மெனு?"

"உன் மூக்குதான். முடிச்சு ஒழுங்காப் போடு, இல்லாட்டி வெட்டி வறுத்துடுவேன்."

"ரெண்டாவது தடவை கேட்டா போடுவீங்களா? மூணாம் கிளாஸ்ல போடவே மாட்டீங்க."

"மூணாம் கிளாஸ்ல நீ கேரட்டை ஜன்னல் வழியா எறிஞ்சே. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். எதிர்வீட்டில் இருக்கும் எனக்கே கேட்கும். சத்தம் போட்டு அழுகிறவள் அவள். அப்போதெல்லாம்.

ஆர்வோவின் இடுப்பு பெல்ட்டைத்தான் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளுக்குப் பெரிது. ஆணியால் மூன்று துளை கூடுதலாகப் போட்டாள்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வி. "எதுக்காக ஒருத்தன் கொக்கியைக் கழட்டுவான்?" ஒருவர் மறதி என்றார். ஒருவர் அவசரம் என்றார். ஒருவர், "அவனுக்கு மனசுல ஏதாவது..." என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் வருடம் வந்தபோது அவளுக்கே வேலை பழகிவிட்டது. ஒன்றுமட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த உயரத்தில் யாரும் சும்மா கொக்கியைக் கழற்ற மாட்டார்கள். கை அதைச் செய்யாது.

2017 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. ஆர்வோ செத்த தேதி அல்ல. பிறந்த தேதியும் அல்ல. கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். ஒன்றுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை.

இடமும் வேறு. மேட்டுமேல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புதிய கட்டடம். ஐந்தாவது மாடி வரை இரும்பு ஏறியிருந்தது. துறைமுகம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர்.

அன்றும் மூடுபனி.

காலை 6.30. ஃபோர்மேன் எல்லாரையும் கூட்டி, "பனி விலகற வரைக்கும் கிரேன் அசையாது" என்றார். "நேத்து மாட்டின பீம்ல முனைக்கு ரெண்டு போல்ட்டுதான் இருக்கு. மிச்சத் துளையெல்லாம் நிரப்புங்க. ரெண்டு ரெண்டு பேரா. கொக்கி மாட்டாம யாரையாவது பாத்தேன், அன்னைக்கே வீட்டுக்குத்தான்."

லோர்னாவின் கூட்டாளி கிளெம் டிஃபோ. ஐம்பத்தாறு வயது. இருபத்தேழு வருடமாக இரும்பில் நடக்கிறவர். வாயில் எப்போதும் ஒரு பாட்டு முனகல். ஒரு பீமுக்கு, அதாவது தூணிலிருந்து தூணுக்குப் போகும் இரும்பு உத்திரத்துக்கு, ஒரு முனையில் அவர், மறுமுனையில் இவள். இடையில் ஒன்பது மீட்டர்.

"நீ ஏறு. நான் போல்ட்டுப் பையை எடுத்துட்டு வரேன்" என்றார் கிளெம். "காப்பியையும் ஒரு வாய் ஊத்திக்கறேன். குளுருக்கு முட்டி கத்துது."

"முட்டிக்கா, வயித்துக்கா?"

"ரெண்டும் ஒரே ஆளோடதுதான், போ."

6.48-க்கு லோர்னா மேலே இருந்தாள். தூணைச் சுற்றிய பட்டையில் கொக்கியை மாட்டினாள். பீமின் மேல் குதிரை ஏறுவதுபோலக் காலை இரண்டு பக்கமும் போட்டு உட்கார்ந்தாள். இரவு முழுக்க இறங்கிய பனியில் இரும்பு ஈரமாக இருந்தது. எதிரே பார்த்தாள். பீம் மூன்று மீட்டர் வரை தெரிந்தது. அதற்கப்புறம் வெள்ளை. கீழே வெள்ளை. மேலே வெள்ளை. விடிந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. இருந்தும் நிழல் என்று ஒன்றுகூட எங்கும் இல்லை.

துறைமுகத்துச் சங்கு நிமிடத்துக்கு ஒரு தடவை ஊதிக்கொண்டிருந்தது. மூடுபனி நாளில் கப்பல்களுக்காக ஊதுவது. பூ...ம்.

அவள் வேலையை ஆரம்பித்தாள். துளையில் போல்ட். பின்னால் நட். ஸ்பானர்.

6.56. மறுமுனையில் சத்தம்.

டிங்.

கிளெம் வந்துவிட்டார் என்று நினைத்தாள். தலையைத் தூக்கவில்லை.

டிங்... டிங்.

போல்ட் துளையில் போகவில்லை. இடிக்கிறது. மறுபடி இடிக்கிறது. மூன்றாம் தடவைதான் போயிற்று.

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன கிளெம், ராத்திரி தூங்கலையா? கத்துக்குட்டி மாதிரி தடவறே?"

பதில் இல்லை.

இரும்பில் ஒன்று உண்டு. மறுமுனையில் ஆள் உட்கார்ந்தால் இந்த முனையில் தொடைக்குத் தெரியும். லேசாக ஓர் அதிர்வு. கிளெம் கனமான ஆள். அவர் உட்கார்ந்தால் நன்றாகவே தெரியும்.

அவர் உட்கார்ந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

முனகல் பாட்டும் இல்லை.

6.59. டிங். நட் முறுக்கும் சத்தம். கிர்... கிர்... நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி கிர். தோளில் வலு சேராதவன் முறுக்கும் சத்தம்.

அப்போதுதான் இன்னொன்றைக் கவனித்தாள்.

சங்கு ஊதவில்லை.

எப்போது நின்றது என்று தெரியவில்லை. கீழே லாரிச் சத்தம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கார் இல்லை. ஆள் குரல் இல்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல...

7.01. வாக்கிடாக்கியை எடுத்து அமுக்கினாள். "கிளெம்?"

உஸ்ஸ்ஸ் என்றது. அவ்வளவுதான்.

மறுமுனையில் சத்தம் நின்றது.

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

குளிரில் மூக்கு ஒழுகினால் எல்லாரும் உறிஞ்சுவார்கள். அதில் ஒன்றுமில்லை. ஆனால் லோர்னாவின் கையில் இருந்த நட் நழுவி விழுந்தது. கீழே விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

"யாருங்க அது?"

குரல். இளம் குரல்.

"கிளெம்... விளையாடாத."

"கிளெம் யாரு?"

அவள் பீமை இரண்டு கையாலும் பிடித்தாள்.



பிறகு...

"அம்மா?"

7.03. கடிகாரத்தைப் பார்த்தாளாம். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் தானாகப் போனது.

"ஆர்வோ" என்றாள். குரல் வந்ததோ இல்லையோ. அவனுக்குக் கேட்டது.

"அம்மா! நீ எப்படி மேல வந்த? யாரு விட்டா உன்னை?"

மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த கேள்வி அவளிடம் இருந்தது. அதற்காகத்தான் இத்தனையும். சமையலறையை விட்டது, தொடை உரிந்தது, வாளி சுமந்தது. அந்தக் கேள்வி அப்போது வாய்க்கு வரவில்லை. அழுகைதான் வந்தது. வாயை மூடத் தோன்றவில்லை. அடிவயிற்றிலிருந்து அழுதாள்.

"அழாதம்மா. கீழ பாக்காத. இரும்பைப் பிடிச்சுக்கோ."

"இங்கதான்டா இருக்கேன்... அம்மா இங்கதான் இருக்கேன்..."

"தெரியுது. அசையாத."

"வாடா. அம்மாகிட்ட வா."

"வரேன். அப்படியே இரு. வரேன்."

கிளிக்.

கிளிக்.

அடி.

தொடைக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது. இப்போது அதிர்ந்தது.

அடி.

வெள்ளைக்குள் ஏதோ... இன்னும் வெள்ளையாக...

அடி.

அவள் கையை நீட்டினாள்.

...

...

இரும்பு அடங்கிவிட்டது.

பூ...ம்.

சங்கு. கீழே லாரி. யாரோ யாரையோ திட்டும் சத்தம். எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பி வந்தன. கடிகாரம் 7.05.

கிளெம் வந்தது 7.11-க்கு. ஏணியின் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கினார். தோளில் போல்ட்டுப் பை.

"பாட்டரி செத்துப்போச்சு, வாக்கிடாக்கி... என்ன லோர்னா? ஏன் கையை நீட்டிட்டு உக்காந்திருக்கே?"

"நீ அந்தப் பக்கம் இருந்தியா?"

"எந்தப் பக்கம்? இப்பதானே ஏறி வரேன்."

அவர் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போய்ப் பார்த்தார். நேற்றைய இரண்டு போல்ட்டுகள். புதிதாக ஒன்றும் இல்லை. பீமின் மேல் பனித்துளி பொடிப்பொடியாக அப்படியே நின்றது. யாரும் மிதிக்கவில்லை. யாரும் தொடவில்லை.

அன்று சாயங்காலம் என் சமையலறையில் லோர்னா இதைச் சொன்னபோது அவள் முகம்... எப்படிச் சொல்வது? பிரசவம் முடிந்த பெண்ணின் முகம்.

"அவன் கோபமா இல்ல, தெரியுமா? பயப்படலை. என்னைத்தான் அழாதன்னான். 'வரேன்'னான். எங்கிட்டதான் வந்துட்டு இருந்தான்."

நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவளுக்கு ரொட்டியும் சூப்பும் வைத்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவள் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தாள். அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டுக் குளியலறையில் அழுகைச் சத்தம் இல்லை. வாசலில் பூச்செடி வைத்தாள். ஆர்வோவின் அறையைத் திறந்து, திரைச்சீலையைத் துவைத்துப் போட்டாள்.

ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. லோர்னா வண்டியை எடுத்துக்கொண்டு டூ ஹார்பர்ஸ் என்ற ஊருக்குப் போனாள். ஏரிக்கரையோடு நாற்பது நிமிடம். அங்கே மிட்ச் இருந்தான். ஆர்வோ செத்த அன்று அவனுக்குக் கூட்டாளியாக இருந்தவன் மிட்ச்தான். அதற்குப் பிறகு அவன் இரும்பில் கால் வைக்கவில்லை. மீன்பிடிக்கிறவர்களுக்குப் புழுவும் தூண்டிலும் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தான்.

"மிட்ச் பாவம். அவனும் தூங்கறதில்லையாம். ஆர்வோ நல்லா இருக்கான்னு அவன்கிட்டயும் சொல்லிட்டு வரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள். கையில் ஒரு பெர்ரிக் கேக்.

மிட்ச் கடைக் கதவைச் சாத்தி, அவளைப் பின்னால் உட்காரவைத்தான். கேக்கை வெட்டவில்லை. அவளைப் பார்த்ததுமே அவன் கண் கலங்கிவிட்டது.

அவள் எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "அன்னைக்கு அவன் கடைசியா உன்கிட்ட என்ன பேசினான், மிட்ச்?" என்றாள். தன் கதைக்கு ஒரு வாசலாகத்தான் கேட்டாள். பதிலுக்காகக் கேட்கவில்லை.

மிட்ச் கேக்கை ஓரமாக நகர்த்தி வைத்தான்.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லலைங்க. விசாரணைலயும் சொல்லலை. சொன்னா பையன் போதைல இருந்தான், புத்தி சரியில்லைன்னு எழுதியிருப்பாங்க. அவன் பேர் கெட்டுப்போகும். அவன் அப்படி இல்லைங்க. ரொம்பத் தெளிவான பையன்."

"என்ன சொன்னான்?"

"நான் கீழ இருந்தேன். போல்ட்டு எடுக்க இறங்கினேன். ஏழு மூணு, ஏழு நாலு இருக்கும். வாக்கிடாக்கில கூப்பிட்டான். 'மிட்ச், எங்கம்மா மேல இருக்காங்க'ன்னான்."

லோர்னா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சிரிச்சேன். 'உனக்கு டிபன் கொண்டுவந்திருக்காங்களா'ன்னு கேட்டேன். அவன் சிரிக்கலை. 'பீமோட அந்த முனைல உக்காந்திருக்காங்க. பனியில மூஞ்சி தெரியலை. ஆனா அவங்க குரல்தான். அழறாங்க, மிட்ச். அம்மாகிட்ட வா, அம்மாகிட்ட வாங்கறாங்க. எப்படி ஏறினாங்கன்னு தெரியலை. பெல்ட் இருக்கோ இல்லையோ. விழுந்துடப் போறாங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்'னான்."

மிட்ச் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நில்லுடான்னு கத்தினேன். அமுக்கி அமுக்கிக் கத்தினேன். அவன் பதில் சொல்லலை. அப்புறம்... நீங்க அந்நேரம் பள்ளிக்கூடத்துல இருந்தீங்க. எனக்குத் தெரியும். உங்களுக்குப் போன் வந்ததே அங்கதானே."

அவள் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தாள். 2014 மே 8, காலை 7.05-க்கு அவள் முந்நூறு பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அதுவரை ஓர் ஏணியில்கூட ஏறியறியாதவள்.

"ஏன் கேட்டீங்க? எதுக்கு வந்தீங்க, லோர்னா?"

"சும்மாதான்" என்றாள் லோர்னா. "கேக் கொடுக்கலாம்னு."

திரும்பி வரும் வழியில் மூன்று இடத்தில் வண்டியை நிறுத்தினாளாம். என் வீட்டுக்கு வந்தபோது இருட்டவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நடந்ததை முழுக்கச் சொன்னாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"அந்த ரெண்டு கிளிக்கும் எனக்குக் கேட்டுச்சு" என்றாள். "கொக்கி திறக்கிற சத்தம். தினம் நூறு தடவை நானே திறக்கறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். அப்ப சந்தோஷமா இருந்துச்சு. வரானேன்னு சந்தோஷமா இருந்துச்சு..."

அது நீ இல்லை என்றேன். கனவு என்றேன். மிட்ச் குழம்பிப்போய்ப் பேசுகிறான் என்றேன். அவள் தலையாட்டினாள், சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல.

வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. இரண்டு வருடம் கழித்து நாலு வருடப் பயிற்சியும் முடிந்து அட்டை வாங்கினாள். அந்த விழாவில் சின்னப் பையன்களெல்லாம் "சாப்பாட்டக்கா! சாப்பாட்டக்கா!" என்று மேஜையைத் தட்டினார்கள். இன்றைக்கும் அவள் இரும்பில்தான் இருக்கிறாள். நேர்காணலில் இருந்த மூன்று பேரும் இப்போது அவளைப் பார்த்துப் பேசுகிறார்கள்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "தெரிஞ்சுக்கத்தானே போனே. தெரிஞ்சுபோச்சு. இன்னும் ஏன் ஏறறே, லோர்னா?"

"இப்பவும் கேக்குது" என்றாள்.

மூடுபனி நாளில், எல்லா நாளும் இல்லை, சில நாள். எந்தக் கட்டடமாக இருந்தாலும் சரி. சங்கு நின்றுபோகும். அந்த முனையில் போல்ட் இடிக்கும். டிங்... டிங். பிறகு மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"நான் ஏறலைன்னா என் இடத்துல வேற யாராவது உக்காருவாங்க. அவங்களுக்குத் தெரியாது. பதில் பேசிடுவாங்க."

அவள் பேசுவதில்லை.

"யாருங்க அது?" என்று கேட்கும். அவள் கையுறையை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொள்வாள். "அம்மா?" என்று கேட்கும். ஒரு தடவை. சில நாள் இரண்டு தடவை. கண்ணீர் மட்டும் இறங்கும். மூச்சுச் சத்தம்கூட வெளியே வராது. அப்படி அழ இப்போது பழகிவிட்டாள்.



பிறகு அந்தப் பக்கம் ஸ்பானர் மறுபடி முறுக்க ஆரம்பிக்கும். கிர்... கிர்... அவன் கொக்கியைக் கழற்றவில்லை. விழவில்லை. அவன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறான்.

அப்படிப்பட்ட நாளில் வேலை முடிந்ததும் அவள் நேராக வீட்டுக்கு வருவதில்லை. வண்டியை மேட்டுத்தெருக் கல்லறைத் தோட்டத்துக்கு விடுகிறாள். உள்ளே போவதில்லை. வேலிப் பக்கம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, நாலாவது வரிசையில் ஆர்வோவின் கல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

இதுவரை இருக்கிறது.